வாந்திபேதி எங்கே போனது? இடம் மாறும் குடல் தொற்றுகளின் கதை

எங்கள் ஊர்ப்பக்கம் கோபம் தலைக்கேறினால் வயதான பெண்கள் வாயிலிருந்து முதலில் வந்து விழும் வசவு, "பேதியில போவான்!" என்பதுதான். திட்டுகிறவருக்கும் திட்டு வாங்குகிறவருக்கும் இன்று அதைக் கேட்டால் எந்த நோயும் ஞாபகத்துக்கு வராது. என் ஆச்சிக்கு மட்டும் வரும். கக்கல் கழிச்சல் கண்டால், காலையில் வயலுக்குப் போன ஆள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த வசவு நிஜமான சாபம். அந்த வாந்திபேதியைத்தான் இன்று காலரா என்கிறோம்.

போன வருடம் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது டாக்டர் காலரா என்ற பேச்சையே எடுக்கவில்லை. ரத்தம் கலந்து போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வெளியே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். ஆச்சிக்கும் என் மகளுக்கும் நடுவில் இரண்டே தலைமுறை. அதற்குள் அதே ஊரில் வயிற்றுநோயைப் பற்றிக் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது, ஏன் ஓர் ஊரில் காலராவும் இன்னோர் ஊரில் டைபாய்டும் வேறொரு நாட்டில் கோழிக்கறியில் வரும் கிருமியும் முன்னுக்கு நிற்கின்றன என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு கிருமிக்கும் நம் வாய்க்கு வந்து சேர ஒரு வழி இருக்கிறது. அந்த வழி அடைபடும்போதும் திறக்கும்போதும் நோயின் வரைபடம் மாறுகிறது.

எத்தனை கிருமி போதும்?

குடலைத் தாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒருவர் வயிற்றிலிருந்து வெளியேறி இன்னொருவர் வாய்க்குள் போவதால் பரவுகின்றன. கேட்க அருவருப்பாக இருந்தாலும் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. மலம் தண்ணீரில் கலக்கலாம், கையில் ஒட்டலாம், காய்கறியில் படலாம், ஈயின் காலில் வரலாம். சில கிருமிகள் கோழி, மாடு போன்றவற்றின் குடலிலிருந்தும் நமக்கு வரும்.

எந்தக் கிருமி எந்த வழியில் வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எண்ணிக்கை. நம் இரைப்பையில் இருக்கும் அமிலம் ஒரு காவல்காரன். காலராக் கிருமி அந்த அமிலத்தில் எளிதில் செத்துப்போகும். அதனால் ஆரோக்கியமான ஓர் ஆளைக் காலரா சாய்க்க வேண்டுமென்றால், லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டும். அவ்வளவையும் சுமந்து வர விரல்நுனி போதாது. கெட்டுப்போன தண்ணீர் வேண்டும், அல்லது கிருமி பெருகிக் கிடந்த சோறு வேண்டும்.

சீதபேதியைத் தரும் ஷிகெல்லா நேர் எதிர். அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். பத்திலிருந்து நூறு கிருமி போனாலே நோய் வந்துவிடும். கதவின் கைப்பிடி, பள்ளிக்கூடத்தின் குழாய்த் திருகு, அம்மாவின் முந்தானை எதுவும் அதற்குப் போதும். டைபாய்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, தண்ணீரிலும் வரும், உணவிலும் வரும்.

ஆகவே ஒரு நகரம் குடிநீரைச் சுத்தமாக்கினால் முதலில் விழுவது காலரா. அடுத்து டைபாய்டு. ஷிகெல்லா அவ்வளவு சீக்கிரம் போகாது, ஏனென்றால் அதன் வழி குழாய்க்குள் இல்லை, கையில் இருக்கிறது. கோழியில் வாழும் கிருமிக்கோ இந்த நல்லதண்ணீரால் ஒரு பாதிப்பும் இல்லை.

கழுநீரும் வங்கக் கடலும்

காலராவில் போகும் மலத்துக்கு மலத்தின் நிறமோ நாற்றமோ இருக்காது. அரிசி கழுவி ஊற்றும் கழுநீரைப் போல வெளுப்பாக, சிறு செதில்கள் மிதக்கப் போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை கூடப் போகலாம். டாக்காவில் இருக்கும் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு கட்டில் வைத்திருக்கிறார்கள். சாதாரண மடக்குக் கட்டில், மேலே ரெக்சின் விரிப்பு, நடுவில் ஒரு துளை, துளைக்கு நேர் கீழே ஒரு வாளி. நோயாளி எழுந்து போக வேண்டியதில்லை. செவிலியர் வாளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு நீரை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பார். 2022 வசந்த காலத்தில் அந்த மருத்துவமனைக்கு ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்த நாட்கள் இருந்தன.

காலரா மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. ஆறு கடலில் கலக்கும் உவர்நீரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சின்ன நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் சேரும் முகத்துவாரம்தான் அதன் பூர்வீக வீடு. 1817இல் அந்தப் பகுதியிலிருந்து கிளம்பிய காலரா, வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் ஊர் ஊராகப் போனது. முதல் உலகப் பரவல் என்று கணக்கிடுவது அதைத்தான்.

நீர்ப்பூச்சியோடு வருகிறது என்று தெரிந்ததால் ஒரு அழகான வேலை நடந்தது. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் வங்கதேசத்து ஆராய்ச்சியாளர்களும் மாட்லாப் பகுதிக் கிராமத்துப் பெண்களிடம், தண்ணீர் பிடிக்கும்போது குடத்தின் வாயில் பழைய பருத்திப் புடவையை நாலைந்து முறை மடித்துக் கட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். புதுப் புடவையை விடப் பழையது நல்லது. பலமுறை துவைத்துத் துவைத்து நூல் பிசிறு எழும்பி, இழைகளுக்கு நடுவே உள்ள கண் சிறுத்துப்போயிருக்கும். அந்தக் கண்ணில் கிருமி நிற்காது, கிருமி ஒட்டியிருக்கும் பூச்சி நிற்கும். அதுவே போதுமானதாக இருந்தது. 2003இல் வெளியான முடிவுகளின்படி காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் பாட்டிகளும் குடத்து வாயில் வேட்டித் துணி கட்டித் தண்ணீர் பிடித்தவர்கள்தான் என்று நினைக்கும்போது எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

இப்போது உலகைச் சுற்றிக்கொண்டிருப்பது ஏழாவது பரவல். 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கியது. இதன் கிருமிக்கு எல் டோர் என்று பெயர். எகிப்தின் சினாய்ப் பகுதியில் ஹஜ் யாத்திரிகர்களைத் தனிமைப்படுத்தி வைத்த எல் டோர் என்ற இடத்தில் 1905இல் முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். பழைய காலராவை விட இது கொஞ்சம் சாது. தொற்றியவர்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்கு லேசான பேதியோடு போய்விடும். கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பரவலைப் பொறுத்தவரை இதுதான் ஆபத்து. படுக்கையில் விழுந்தவர் பயணம் போக மாட்டார், நடமாடுகிறவர் போவார். எல் டோர் 1964இல் இந்தியா வந்தது, 1970இல் மேற்கு ஆப்பிரிக்கா, 1991 ஜனவரியில் பெரு. பெருவில் மட்டும் முதல் ஆண்டிலேயே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஒரு காலத்தில் ஆசியாவின் நோய் என்று எழுதி வைத்த காலராவுக்கு ஆப்பிரிக்காவும் வீடாகிப்போனது அப்படித்தான்.

1992, மெட்ராஸ்

நம் மண்ணில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரியாது.

காலராதானா என்று உறுதி செய்ய அந்தக் காலத்து ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், அதாவது காலராக் கிருமிக்கான எதிர்ப்புப் பொருள் கொண்ட ரத்தநீர். அதில் வளர்த்த கிருமியைத் துளி எடுத்துக் கலந்து, தகட்டைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார்கள். கொள்ளைநோயைத் தரும் காலராக் கிருமி என்றால் சில நொடிகளில் பால் திரிந்ததுபோலத் துணுக்குத் துணுக்காகத் திரண்டுவிடும். திரளாவிட்டால் அது கவலைப்பட வேண்டாத வேறு வகை என்று முடிவு கட்டுவது வழக்கம். அப்படித் திரளுகிற வகைக்கு ஓ1 என்று எண். ஓ2 முதல் ஓ138 வரை மற்ற வகைகள், அவற்றால் ஊரை வாரிக்கொண்டு போக முடியாது என்பதுதான் அன்றுவரை பாடப்புத்தகம்.

1992 அக்டோபரில் மெட்ராஸில் வந்த நோயாளிகளுக்கு எல்லா அறிகுறியும் காலரா. கழுநீர் மலம், ஒட்டிப்போன கண், இழுத்துவிட்டால் அப்படியே மடிப்பு விழுந்து நிற்கும் தோல். தகட்டில் மட்டும் திரளவில்லை. வேலூரிலும் மதுரையிலும் இதே கதை. சில மாதங்களுக்குள் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அது ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைத்தது. இன்னொன்றும் விசித்திரம்: காலரா வழக்கமாக இருக்கும் ஊர்களில் சிறுபிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும், பெரியவர்களுக்கு முன்பே வந்து போய் எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தப் புதிய கிருமியிடம் பெரியவர்களும் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். பழைய எதிர்ப்புச் சக்தி அதற்குச் செல்லவில்லை.

அதற்கு ஓ139 என்று எண் கொடுத்து, வங்கக் கடலை நினைத்து 'பெங்கால்' என்றும் பெயர் வைத்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. உள்ளே இருப்பது அதே எல் டோர்தான், மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைப் போர்வையை மட்டும் மாற்றிக்கொண்டுவிட்டது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான். எட்டாவது உலகப் பரவல் வந்துவிட்டதோ என்று எல்லோரும் பயந்தார்கள். வரவில்லை. சில ஆண்டுகளில் எல் டோரே மறுபடி முன்னுக்கு வந்தது, ஓ139 இன்று அரிது. ஆனால் வரைபடம் மாற வழி மட்டும் மாற வேண்டியதில்லை, கிருமியும் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்று அன்று மெட்ராஸ் உலகத்துக்குக் காட்டியது.

யார் கொண்டுவந்தார்கள்?

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பெரும் நிலநடுக்கம். அக்டோபரில் அங்கே காலரா. அதற்கு முன் குறைந்தது நூறு ஆண்டுகளாக அந்த நாட்டில் காலரா இருந்ததாகப் பதிவே இல்லை. நிலநடுக்கம் நிலத்தடியிலிருந்து கிருமியைக் கிளப்பிவிட்டது, கடல்நீர் சூடாகிவிட்டது என்றெல்லாம் முதலில் பேச்சு வந்தது. உண்மை வேறாக இருந்தது. ஐ.நா. அமைதிப்படை வீரர்களாக நேபாளத்திலிருந்து வந்தவர்களின் முகாம் ஒன்றின் கழிவு, ஆர்ட்டிபோனீட் ஆற்றில் சேரும் ஓடையில் கலந்திருந்தது. நேபாளத்தில் அப்போது இருந்த காலராக் கிருமியும் ஹெய்ட்டியின் கிருமியும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் 2016 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டார்.

கிருமி விமானத்தில் வந்தது. ஆனால் அது பரவியதற்குக் காரணம் விமானம் இல்லை. காலராவைச் சுமந்த பயணிகள் லண்டனிலும் டோக்கியோவிலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அங்கே அது ஒரு ஆளோடு நின்றுவிடுகிறது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டிய நிலையில் ஜனங்களை வைத்திருந்த நாட்டில்தான் அது தீயாகப் பிடித்தது. ஏமனில் போர் வந்து தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் நிலையமும் நொறுங்கிய பிறகு, 2017இல் மட்டும் சந்தேகத்துக்குரிய காலரா நோயாளிகள் 10 லட்சம் என்ற கணக்கு வந்தது. லெபனானில் 1993க்குப் பிறகு காலரா இல்லை, 2022இல் வந்துவிட்டது. நம் பக்கத்திலும் 2022 ஜூலையில் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. போன நோய் போனதுதான் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது.

தெருக்குழாய் ஒன்றைப் பார்ப்போம்

நம்மில் பலருக்கு இது தினமும் கண்ணில் படுகிற காட்சி. குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. வருவதும் ஒரு மணி நேரம். எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். முதல் குடம் கலங்கலாக, சில நாள் சாக்கடை வாடையோடு வரும், அதைக் கீழே ஊற்றிவிட்டு இரண்டாவது குடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த முதல் குடம் எங்கிருந்து வந்தது? தண்ணீர் நின்றபிறகு குழாய் காலியாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே, சில இடங்களில் அதைத் தொட்டுக்கொண்டே, சாக்கடை ஓடுகிறது. குழாயில் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை அந்தக் கசிவால் தண்ணீர் வெளியே போகும், அவ்வளவுதான். அழுத்தம் விழுந்ததும், அதிலும் மோட்டார் உறிஞ்சும்போது, அதே ஓட்டை வழியாக வெளியே இருப்பது உள்ளே வருகிறது. நீர்த்தேக்கத்தில் எத்தனை குளோரின் போட்டாலும் கடைசித் தெருவில் இப்படி ஒரு வழி திறந்திருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருவது வசதிக்காக மட்டும் கேட்கிற விஷயம் என்று நினைக்கிறோம். உண்மையில் நோயைத் தடுப்பதே அந்த அழுத்தம்தான்.

டைபாய்டு இன்றும் நகரத்து நோயாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். 2017 முதல் 2020 வரை இந்தியாவில் டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனேயை ஒட்டிய கிராமப்பகுதி ஆகிய இடங்களில் பல்லாயிரம் பிள்ளைகளை வாரந்தோறும் கண்காணித்து, காய்ச்சல் வந்தால் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு லட்சம் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்கு டைபாய்டு என்று கணக்கிட்டால், நகர்ப்பகுதிகளில் 576 முதல் 1173 வரை வந்தது. புனேக் கிராமத்தில் 35. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே சோதனை, இவ்வளவு வித்தியாசம்.

சாலட் தந்த டைபாய்டு

டைபாய்டு என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோ. 1970களின் கடைசியிலும் 80களிலும் அங்கே டைபாய்டு தலைவிரித்தாடியது. விந்தை என்னவென்றால் அந்த நகரத்தில் குழாய்த் தண்ணீர் சுத்தமானது, பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடையும் இருந்தது. அப்படியானால் எந்த வழியில் வருகிறது?

பழைய, எளிய ஒரு கருவியை எடுத்தார்கள். காயத்துக்குக் கட்டும் துணியைத் தடித்த சுருளாகச் சுற்றி, கயிற்றில் கட்டி, ஓடும் கால்வாயில் இரண்டு மூன்று நாள் தொங்க விடுவது. ஓடும் தண்ணீரில் வந்துபோகிற கிருமியெல்லாம் அந்தத் துணியில் சிக்கும். எடுத்துக்கொண்டு போய் வளர்த்துப் பார்க்க வேண்டும். 1948இல் இங்கிலாந்தில் மூர் என்பவர் சாக்கடையில் இதைத் தொங்கவிட்டுத்தான் நோய் பரப்பிய வீட்டைத் தேடிப் போனார். சாந்தியாகோவின் பாசனக் கால்வாய்களில் தொங்கவிட்ட துணியில் டைபாய்டுக் கிருமி கிடைத்தது.

நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. கோடைகாலத்தில் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கால்வாய் வெட்டிக் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சினார்கள். கீரை நகரத்துச் சந்தைக்குத் திரும்பி வந்தது, பச்சையாக சாலட்டில் போய்ச் சேர்ந்தது. சாக்கடையை வீட்டிலிருந்து அழகாக அப்புறப்படுத்திவிட்டு, அதையே சாப்பாட்டுத் தட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்கள்.

தெரிந்தும் பல வருடம் யாரும் அசையவில்லை. 1991இல் பக்கத்து நாடான பெருவில் காலரா வந்து நின்றதும் சிலி அரசுக்கு உதறல் எடுத்தது. பச்சையாகச் சாப்பிடும் பயிர்களுக்குச் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று தடை போட்டு, அதைக் கண்டிப்பாக நிறைவேற்றியது. காலரா சிலியில் வேரூன்றவில்லை. கூடவே, யாரும் எதிர்பாராத அளவுக்கு டைபாய்டும் சரிந்துவிட்டது. காலராவுக்குப் பயந்து மூடிய வழி டைபாய்டின் வழியாகவும் இருந்தது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கதை வேறு மாதிரி போனது. 2016 நவம்பர் முதல் அங்குள்ள ஹைதராபாத்தில் வந்த டைபாய்டுக் கிருமி, ஏற்கெனவே பழைய மருந்துகளுக்கு மசியாத இனம். அது வேறொரு குடல் பாக்டீரியாவிடமிருந்து ஒரு மரபணு வளையத்தை வாங்கிக்கொண்டு, ஊசியில் போடும் செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் மசியாமல் போனது. வாய்வழி மாத்திரைகளில் மிச்சம் நின்றது அசித்ரோமைசின் ஒன்றுதான். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதே அசித்ரோமைசின். 2019இல் பாகிஸ்தான் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் புதிய டைபாய்டு தடுப்பூசியைச் சேர்த்தது, உலகிலேயே முதலாவதாக.

சுத்தமானால் வேறொன்று வருமா?

ஷிகெல்லாவில் நான்கு இனம் உண்டு. ஏழ்மையான, தண்ணீர் கெட்ட இடங்களில் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்னரி. வசதி வந்த நாடுகளில் சோனெய். ஒரு நாடு முன்னேறும்போது ஃப்ளெக்ஸ்னரி குறைந்து சோனெய் கூடுவதைத் தாய்லாந்திலும் வியட்நாமிலும் வங்கதேசத்திலும் பார்த்திருக்கிறார்கள். ஏன் இப்படி? ஒரு சுவாரசியமான விளக்கம் இருக்கிறது. குளத்திலும் ஆற்றிலும் வாழும் பிளீசியோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகைக்கும் சோனெய்க்கும் ஒரே சர்க்கரைப் போர்வை. குளத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் போர்வை ஏற்கெனவே பழக்கம், சோனெய் வந்தால் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். சுத்தமான தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. இது இன்னும் கருதுகோள்தான், நிரூபணம் ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கச் சொல்வதாகவும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃப்ளெக்ஸ்னரி குறைந்ததில் பிழைத்த பிள்ளைகள் ஏராளம்.

பணக்கார நாடுகளில் வழி சமையலறைக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவில் 2005 முதல், விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் எண்ணிக்கையில் முதலிடம் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா தரும் நோய்க்கு. அந்தக் கிருமி கோழியின் குடலில் கோழிக்கு ஒரு தொந்தரவும் தராமல் வாழ்கிறது, அரைவேக்காட்டுக் கறியிலும் கறி வெட்டிய பலகையிலும் நம்மிடம் வருகிறது. நியூசிலாந்தில் 2006இல் இது உச்சத்துக்குப் போனபிறகு கோழி இறைச்சிக் கூடங்களில் கெடுபிடி செய்தார்கள், இரண்டே வருடத்தில் பாதியாகக் குறைந்தது. பிரிட்டனில் 1980களில் முட்டையில் வந்த சால்மோனெல்லா, 1990களின் கடைசியில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும் மளமளவென்று இறங்கியது.

2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு கொடிய வகை வந்து ஏறக்குறைய 4,000 பேரைச் சாய்த்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது, அங்கே விவசாயிகள் காய்களைக் குப்பையில் கொட்டினார்கள். கடைசியில் பிடிபட்டது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயம். எகிப்திலிருந்து வாங்கிய வெந்தயத்தை ஜெர்மானியப் பண்ணை ஒன்று முளைகட்டிப் பச்சையாக விற்றிருந்தது. முளைகட்டுவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகுவதற்கும் அப்படியே பொருந்தும். தாளித்துச் சாப்பிடும்வரை வெந்தயத்தால் யாருக்கும் எதுவும் வராது. எகிப்தில் விளைந்தது ஜெர்மனியில் முளைத்துப் பச்சையாகத் தட்டில் விழுந்ததில்தான் வழி திறந்தது.

எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

"இந்த வருஷம் டைபாய்டு கூடிவிட்டது" என்று செய்தி வந்தால் உடனே நம்ப வேண்டாம், எந்தச் சோதனையில் என்று கேட்க வேண்டும். நம் ஊர் லேபில் வழக்கமாக எடுக்கும் விடால் டெஸ்ட், வேறு காய்ச்சலிலும் பாசிட்டிவ் காட்டும், டைபாய்டிலேயே சில சமயம் நெகட்டிவ் காட்டும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் நம்பகமானது, ஆனால் அதுவும் பத்தில் நான்கு பேரைத் தவறவிடும், முன்பே ஆன்டிபயாட்டிக் விழுங்கியிருந்தால் இன்னும் அதிகமாக.

இதற்கு ஒரு நல்ல உதாரணம். கொல்கத்தா, கராச்சி உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் 2007 முதல் 2011 வரை குழந்தைகளின் பேதிக்கான காரணத்தை ஆராய்ந்தார்கள். பின்னர் சேமித்து வைத்திருந்த அதே மாதிரிகளை மரபணுச் சோதனையில் மறுபடி பார்த்தபோது ஷிகெல்லாவின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. நோய் கூடவில்லை, பார்க்கிற கண் கூர்மையாகியிருந்தது. வரைபடம் மாறுகிறது என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்பே

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். பேதியில் இருக்கும் குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை. நல்லவேளையாக, முதலில் செய்ய வேண்டியது எல்லாக் கிருமிக்கும் ஒன்றுதான்.

காலராவின் நஞ்சு (1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே இதைக் கண்டறிந்தார்) குடலின் சுவரைத் துளைப்பதில்லை. உப்பையும் நீரையும் வெளியே விடும் வாசலைத் திறந்து வைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே உறிஞ்சும் வாசல் ஒன்று கெடாமல் இருக்கிறது. அந்த வாசல் ஒரு விதி வைத்திருக்கிறது: சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரும்பகுதி கீழே போய்விடும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் இரண்டும் கைகோத்து உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971 வங்கப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து, தாய்மாரிடமும் உறவினரிடமும் டம்ளரைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

இன்று அது மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். அதை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுவதும் கொட்டிக் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகப் போடக் கூடாது, உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. சிறிய பொட்டலம் என்றால் அதன்மேல் போட்டிருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், கஞ்சியும் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் உள்ளே போனாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனை. போகும் வழியிலும் புகட்டிக்கொண்டே போக வேண்டும்.